ஒழுகினசேரிப் பையன்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் எந்த ஊர்க்காரர் என்று கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு ‘நாகர்கோவில்’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். அந்தச் சிக்கனம் குமரி மாவட்டத்து வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது வந்து குவிந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. ‘எங்க ஊர் ஆளைப் பற்றி ஒரு வரிதானா?’ என்று ஒருவர் அஞ்சலட்டையில் கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம். இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அவருடைய பிறப்புக்கும் இளமைக்குமே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ‘என்.எஸ்.’ என்ற தலைப்பெழுத்துகளின் விரிவு என்ன? அவருடைய பெற்றோர் யார்? (தக்கலை வாசகர்)

பதில்: ‘என்’ என்பது நாகர்கோவிலையும் ‘எஸ்’ என்பது தந்தை சுடலைமுத்துப் பிள்ளையின் பெயரையும் குறிக்கும். தாயார் பெயர் இசக்கியம்மாள். நாகர்கோவிலின் ஒரு பகுதியாக இன்று ஆகிவிட்ட ஒழுகினசேரியில், 1908ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆம் நாள், வசதி என்று சொல்ல ஏதுமில்லாத ஒரு வீட்டில் கிருஷ்ணன் பிறந்தார்.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்னைக்காரர் ஒருவருக்குச் சுடலைமுத்து, இசக்கியம்மாள் என்பவை பழைய காலத்துப் பெயர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றாமல் போகலாம். நமக்கு அப்படியில்லை. சுடலைமுத்து என்பது சுடலைமாடனின் பெயர் தாங்கியது. இசக்கி என்பது ஆரல்வாய்மொழியைக் கடக்கிற ஒவ்வொரு வண்டியோட்டியும் கையெடுத்துக் கும்பிடுகிற முப்பந்தல் இசக்கியம்மனின் பெயர். குமரி, நெல்லைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினால் இசக்கிமுத்து, சுடலையாண்டி, மாடசாமி, பேச்சியம்மாள் என்று ஊர்த் தெய்வங்கள் எல்லாம் வரிசையாக ‘உள்ளேன் ஐயா’ சொல்வதைக் கேட்கலாம். கிருஷ்ணனுக்கு ஒரு வயது மூத்தவராகப் பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்துக்கும் வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து என்பதுதான். அதுவும் தெய்வத்தின் பெயரே.

தந்தையின் பெயரில் ஒரு மாடனும் தாயின் பெயரில் ஓர் இசக்கியும் இருக்க, பிள்ளைக்கு மட்டும் கிருஷ்ணன் என்ற பெயர் வந்து சேர்ந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை பிற்காலத்தில் ஊர் உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த கலை, மாடனுக்கும் இசக்கிக்கும் கொடை என்கிற ஊர்க்கோயில் விழாவில் பாடப்படுகிற வில்லுப்பாட்டுதான். இதைத் தற்செயல் என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை; ஏன் என்பதைக் கீழே வில்லுப்பாட்டைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: அவர் பிறந்தபோது நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்தது. அப்படியானால் அவரை மலையாளி என்று சொல்வது சரியா? என் கல்லூரித் தோழி ஒருத்தி அப்படித்தான் வாதிடுகிறாள். (குலசேகரம் வாசகி)

பதில்: தோழியிடம் தோற்றுவிட வேண்டாம். திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிமகனாகப் பிறந்தார் என்பது உண்மை. மலையாளி என்பது தவறு. அப்போது அரியணையில் இருந்தவர் மூலம் திருநாள் ராமவர்மா. அரசு அலுவலகத்தில் மலையாளமும் வீட்டிலும் சந்தையிலும் கோயிலிலும் தமிழும் என்று வாழ்ந்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள். ஒழுகினசேரியோ அதிலும் நாஞ்சில் நாட்டின் நடுவில், பழையாற்றின் கரையில், சோழராஜா கோயில் நிற்கிற ஊர். அந்தக் கோயில் அங்கே யார் மொழி பேசிய நாளில் எழுந்தது என்று அதன் பெயரே சொல்லிவிடும்.

இந்த வட்டங்கள் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள். கலைவாணர் சென்னையில் காலமானது 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள். கணக்குப் பார்த்தால், தமிழ்நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய இந்தத் தமிழ்க் கலைஞரின் சொந்த ஊர், அவர் வாழ்ந்த 48 ஆண்டுகளில் கடைசிப் பத்து மாதங்கள் மட்டுமே தமிழர் மாநிலத்துக்குள் இருந்திருக்கிறது.

இன்னொரு கணக்கையும் தோழியிடம் சொல்லி வையுங்கள். கிருஷ்ணன் சிறுவனாக இருந்தபோது அவர் கையில் புழங்கிய காசு பிரிட்டிஷ் இந்தியாவின் அணாவாக இருந்திருக்காது. திருவிதாங்கூருக்குச் சொந்த நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ரூபாய்க்கு 28 சக்கரம் என்ற அந்தக் கணக்கை மனத்தில் போட்டுத்தான் ஒழுகினசேரிப் பையன் மீதிச் சில்லறை கொடுத்திருக்க வேண்டும். எங்கே சில்லறை கொடுத்தார் என்பதற்கு அடுத்த கேள்வியில் பதில் இருக்கிறது.

கேள்வி: கலைவாணர் எதுவரை படித்தார்? சிறுவயதில் நாடகக் கொட்டகையில் சோடா விற்றார் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அது உண்மையா, மேடைப் பேச்சுக்காகச் சொல்வதா? (கொட்டாரத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவர்)

பதில்: ஆசிரியர் சொன்னது உண்மை, அவர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். வீட்டு வறுமை காரணமாக நான்காம் வகுப்போடு கிருஷ்ணனின் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு அந்தச் சிறுவன் ஒரே நாளில் மூன்று இடங்களில் வேலை பார்த்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். காலையில் டென்னிஸ் ஆடுகிற இடத்தில் பந்து பொறுக்கிப் போடுவது, பகலில் மளிகைக் கடையில் பொட்டலம் மடிப்பது, மாலையில் நாடகக் கொட்டகையில் தின்பண்டமும் சோடாவும் விற்பது.

இந்த மூன்று வேலைகளையும் கொஞ்சம் கற்பனையில் நடத்திப் பாருங்கள். டென்னிஸ் ஆடியவர்கள் அந்நாளில் யாராக இருந்திருக்க முடியும்? அதிகாரிகளும் வக்கீல்களும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும்தான். அவர்களுடைய நடை, உடை, இடையிடையே விழும் ஆங்கிலம், தோற்றால் வருகிற முகக்கோணல் எல்லாவற்றையும் வலைக்கு ஓரமாக நின்று இலவசமாகப் பார்க்கிற வாய்ப்பு பந்து பொறுக்கும் பையனுக்கு மட்டுமே கிடைக்கும். மளிகைக் கடையில் எதிர்ப்பக்கத்து உலகம்: கால் படி உளுந்துக்குக் கடன் சொல்கிறவர், நிறுவையைச் சந்தேகப்படுகிற கிழவி, காசை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு விலை மட்டும் விசாரித்துவிட்டுப் போகிறவர். மாலையில் இந்த இரண்டு வகையாரும் ஒரே கொட்டகையில், ஒருவர் நாற்காலியிலும் ஒருவர் தரையிலுமாக, ஒரே நாடகத்துக்குச் சிரித்திருப்பார்கள்.

சோடா விற்கிறவனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நாடகம் பார்க்க வந்தவர்கள் மேடையைப் பார்ப்பார்கள். விற்கிறவன் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்க்க வந்தவர்களைப் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரம் நடக்காது. எந்த இடத்தில் சனங்கள் கொட்டாவி விடுகிறார்கள், எந்த வசனத்துக்குப் பின்வரிசை முதலில் சிரிக்கிறது, எப்போது குழந்தைகள் அழத் தொடங்குகின்றன என்பதெல்லாம் நாடக ஆசிரியரைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சபையின் மூச்சை அறிந்த நடிகர் என்று கலைவாணரைச் சொல்வார்கள். அந்த அறிவுக்கு எங்கே அடித்தளம் விழுந்தது என்று யாராவது என்னைக் கேட்டால், சோடாப் பெட்டியைத்தான் காட்டுவேன்.

பொட்டலம் மடிக்கிறவனுக்கு வாசிக்கவும் ஏதாவது கிடைத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய பத்திரிகைத் தாள்தானே பொட்டலத்துக்கு வரும்.

கேள்வி: வில்லுப்பாட்டை அவர் யாரிடம் கற்றார்? சிறுவயதிலேயே பாடினாரா? (இரணியல் வாசகர்)

பதில்: வில்லிசையோடுதான் அவருடைய கலை வாழ்க்கை தொடங்கியது. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் முன்னால் அவருக்கு வில்தான். ஆனால் ‘யாரிடம் கற்றார்’ என்ற கேள்வி, நாஞ்சில் நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நம் ஊரில் வில்லுப்பாட்டைப் பிள்ளைகள் தூக்கத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். கொடை விழா இரவில், கோயில் முற்றத்து மணலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிற சிறுவன் நடுச்சாமத்தில் ஒருமுறை கண்விழித்துப் பார்ப்பான்; மாடன் அப்போதுதான் மலையாள நாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பான். மறுபடி உறங்கிவிட்டு விடியற்காலையில் எழுந்தால் கதை எங்கோ போயிருக்கும், ஆனால் தாளம் மட்டும் மாறாமல் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். நானும் அப்படி உறங்கி எழுந்தவன்தான் என்பதால் சொல்கிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. வில்லுப்பாட்டில் கிடத்தி வைத்த பெரிய வில்தான் மையம். அதன் தண்டு ஒரு மண்குடத்தின் மேல் சார்த்திக் கட்டப்பட்டிருக்கும். நாண் தோலால் ஆனது. வில்லில் மணிகள் தொங்கும். முதன்மைப் பாடகர் இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்டிக்கொண்டே பாடுவார். கோல் நாணில் விழும்போது மணிகளும் சேர்ந்து குலுங்கும். குடத்துக்காரர் கமுகம்பாளையாலான பத்தியால் குடத்தின் வாயில் அறைந்து அடி எழுப்புவார். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை உடன் சேரும். ‘தந்தனத்தோம் என்று சொல்லியே’ என்று தொடங்கினால், முன்வரிசையில் இருக்கிற கிழவர்கள் வெற்றிலைச் செல்லத்தை அருகில் இழுத்து வைத்துக்கொள்வார்கள்.

இதில் கலைவாணரைப் புரிந்துகொள்ள முக்கியமானது இசைக்கருவி அன்று, பக்கப்பாட்டுக்காரர். முதன்மைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் அவர் ‘ஆமா’ போடுவார். அந்த ‘ஆமா’வில் எத்தனை வகை! கதையை நம்புகிற ஆமா, நம்பாத ஆமா, ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று முடுக்குகிற ஆமா, ‘இதெல்லாம் நடக்கிற காரியமா’ என்று இழுக்கிற ஆமா. இடையிடையே அவர் அப்பாவியைப் போல ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்கிற சாக்கில் பாடகர் ஊர் நடப்பையும் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் கதைக்குத் திரும்புவார். என்.எஸ். கிருஷ்ணனும் அவருடைய மனைவியும் இணை நடிகையுமான டி.ஏ. மதுரமும் சேர்ந்து வருகிற காட்சிகளை இந்தக் காதோடு மறுபடி கேட்டுப் பாருங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் சந்தேகப்பட, அதற்கு இவர் விளக்கம் கொடுக்க, அந்த விளக்கத்துக்குள் ஒரு கருத்து வலிக்காமல் உள்ளே இறங்கிவிடும். இரட்டையர் நகைச்சுவையை அவர் வெள்ளைக்காரர் படங்களைப் பார்த்துப் பழகினார் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒழுகினசேரியில் பிறந்தவருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை இல்லை.

பின்னாளில் புகழின் உச்சியில் இருந்தபோதும் அவர் வில்லை விடவில்லை. கொடை விழாவுக்கு உரியதாக இருந்த அந்த வடிவத்தைத் தெய்வக் கதையிலிருந்து எடுத்து, காந்தியின் கதையைச் சொல்லப் பயன்படுத்தினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளைஞராக இருந்த சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டதும் இந்த வில்லுக்காகத்தான். அந்தச் சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் காலமாகும் வரை வில்லைக் கையிலிருந்து இறக்கவில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் நாடகக்காரன் என்றால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்பார்கள். அப்படியிருக்க ஒரு தகப்பனாரே மகனை நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தாரா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: சேர்த்தார். மகனுக்கு நாடகத்தின் மீதிருந்த பித்தைக் கண்ட தந்தை தாமே அவரை நாடகக் குழுவில் கொண்டுபோய் விட்டார் என்பதுதான் பதிவாகியிருக்கும் செய்தி. இதில் பாசமும் இருந்திருக்கும், பசியும் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று நாம் நிறுத்துப் பார்க்க முடியாது. சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட அன்றைய ‘பாய்ஸ் கம்பெனி’களின் நடைமுறையை அறிந்தால் ஓர் ஏழைத் தகப்பனாருடைய முடிவு விளங்கும். கம்பெனியில் சேர்ந்த பையனுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. வாத்தியார் பாடமும் பாட்டும் சொல்லித் தருவார். பெயர் பெற்றால் வீட்டுக்கும் கொஞ்சம் பணம் வரும். நான்காம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு மனப்பாடம் செய்யவும் பாடவும் பேசவும் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் அந்நாளில் வேறு எது இருந்தது? பிற்காலத்தில் நாம் கொண்டாடிய நட்சத்திரங்களில் பலர், எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் உட்பட, இந்தக் கம்பெனிச் சோற்றில் வளர்ந்தவர்கள்தாம்.

கிருஷ்ணன் போய்ச் சேர்ந்தது டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பாலஷண்முகானந்த சபா. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில் பிள்ளைப் பருவத்திலேயே நடித்துப் பழகிய டி.கே. சங்கரன், முத்துசாமி, ஷண்முகம், பகவதி ஆகிய நால்வரும், சுவாமிகள் 1922இல் மறைந்த பிறகு, 1925இல் தங்களுக்கென்று தொடங்கிய சபை அது. பெயரில் மதுரை இருந்தாலும் சபை தொடங்கியது திருவனந்தபுரத்தில். அதன் தொடக்க காலத்திலேயே கிருஷ்ணன் உள்ளே வந்துவிட்டார். சபையின் நட்சத்திரமாக விளங்கிய டி.கே. ஷண்முகம் 1912இல் பிறந்தவர். அதாவது சோடா விற்றுவிட்டு வந்த இந்தப் புதுப் பையனைவிட நாலு வயது இளையவர்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்கலாம். பாய்ஸ் கம்பெனிகள் பொதுவாக ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளைத் தேடித்தான் எடுத்துக்கொள்ளும். அப்போதுதான் குரல் உச்ச சுருதியில் நிற்கும்; பெண் வேடத்துக்கும் பாலபார்ட் என்கிற சிறுவர் வேடத்துக்கும் உதவும். பிறகு மகரக்கட்டு வந்து தொண்டை உடைந்துவிட்டால், நேற்றுவரை கைதட்டல் வாங்கிய பையன் இன்று திரை இழுக்கப் போக வேண்டியதுதான். கிருஷ்ணன் வந்து சேர்ந்தபோதே பதினாறு வயதைத் தாண்டியிருந்தார். மகரக்கட்டைத் தாண்டியவருக்கு ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எளிதில் கிடைத்திருக்காது. காமிக் வேடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நகைச்சுவை நடிகனுக்கு உடைந்த குரலும் ஒரு சொத்துதான். அவர் சிரிப்பு நடிகரானதற்கு மேதைமை முதற்காரணம் என்றால், தாமதமாகச் சேர்ந்தது இரண்டாவது காரணம் என்பது என் ஊகம். ஒழுகினசேரி வீட்டில் வறுமை இன்னும் கொஞ்சம் முன்னதாகவே முற்றி, எட்டு வயதிலேயே கம்பெனிக்கு அனுப்பியிருந்தால், நமக்கு இன்னொரு ‘பாலபார்ட் கிருஷ்ணன்’ கிடைத்து மறந்தும் போயிருப்பார்.

பெண் கொடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பெண் கொடுத்தார்கள். அதைக் குளச்சல் வாசகியின் கேள்வியில் பார்க்கலாம்.

கேள்வி: சாதி ஒழிப்பு, கல்வி, பகுத்தறிவு என்று அவர் பேசியதெல்லாம் திராவிட இயக்கத்தாரின் பழக்கத்தால் வந்தது என்கிறார்கள். அதற்கும் அவருடைய இளமைக்கும் தொடர்பு உண்டா? (ஆரல்வாய்மொழி வாசகர்)

பதில்: அண்ணாவோடு அவருக்கு இருந்த நட்பு நாடறிந்தது, 1949இல் வந்த ‘நல்லதம்பி’க்கு வசனம் எழுதியவர் அண்ணா. ஆனால் விதை எங்கே விழுந்தது என்று கேட்டால், திருவிதாங்கூரில் வளர்ந்த ஒரு பையனுக்குச் சாதியைப் பற்றி யாரும் வந்து பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை என்பேன். கோயிலைச் சுற்றியிருக்கிற பொதுத் தெருவில் இன்னார் நடக்கலாம், இன்னார் நடக்கக் கூடாது என்று விதி இருந்த நாடு அது. வைக்கம் போராட்டம் நடந்த 1924, 1925ஆம் ஆண்டுகளில் கிருஷ்ணனுக்குப் பதினைந்து, பதினாறு வயது. நாகர்கோவிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சுசீந்திரத்தில், தாணுமாலயன் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயில் கதவுகள் எல்லோருக்கும் திறந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள் வந்த பிரகடனத்துக்குப் பிறகுதான். இவற்றை எல்லாம் கொட்டகையிலும் கடைவீதியிலும் பேசிக் கேட்டு வளர்ந்தவர், பின்னால் பெரியாரையும் அண்ணாவையும் கண்டுகொண்டதில் வியப்பில்லை.

அவருடைய இளமை நேரடியாகத் தலைநீட்டுகிற இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், ‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தைச் சொல்வேன். நந்தனார் கதையின் அச்சில் உடுமலை நாராயண கவி எழுதியது அது. நந்தன் சிதம்பரத்துக்குப் போகத் தவித்தான். கிந்தன் படிக்கப் போகத் தவிக்கிறான். ஊரில் அடி வாங்கிய அந்தத் தாழ்த்தப்பட்ட சிறுவன் பட்டணத்துக்குப் போய்ப் படித்துப் பள்ளிகளைச் சோதிக்கும் அதிகாரியாக ஊருக்குத் திரும்புகிறான். நந்தனுக்குத் தில்லை எப்படியோ அப்படிக் கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். நான்காம் வகுப்பில் பலகையை வைத்துவிட்டு மளிகைக் கடைக்குப் போன ஒருவர் மேடையில் நின்று இதைச் சொல்லும்போது, கேட்கிறவர்கள் சிரித்தார்கள். சொன்னவருக்கு அதில் சிரிப்பு மட்டும் இருந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. கிந்தன் பட்டணத்துக்குப் போவது ரயிலில். அந்த ரயிலின் ஓசையையும் அதற்குள் சாதி பாராமல் நெருக்கி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையும் கலைவாணர் வாயாலேயே ஓட்டிக் காட்டுவார். கிருஷ்ணன் பையனாகத் திரிந்த நாகர்கோவிலில் ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் மலைக்கணவாய் தாண்டித் திருநெல்வேலிக்கோ, மேற்கே திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். நாகர்கோவிலுக்கு முதல் ரயில் வந்தது 1979இல். அப்போது அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிட்டாத பொருளைத்தான் சிறுவர்கள் கூர்ந்து கவனிப்பார்கள். ரயிலும் பள்ளிக்கூடமும் அவருடைய கதையில் ஒன்றாக வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: அவருடைய மனைவி, குடும்பம் பற்றிச் சொல்லுங்கள். (குளச்சல் வாசகி)

பதில்: சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இதழின் பொருள் இளமைப் பருவம். சினிமாவுக்கு வருவதற்கு முன்பே நாகம்மாள் என்பவரோடு அவருக்குத் திருமணம் ஆகியிருந்தது. படப்பிடிப்புக்காகப் புனேவுக்குப் போன இடத்தில் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்து மணந்துகொண்டார். பின்னர் மதுரத்தின் தங்கை வேம்பு அம்மாளையும் மணந்தார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இன் இறுதியில் கைதாகி, மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என்று 1947இல் விடுதலையாகும் வரையிலான இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில், நாடகக் குழுவையும் குடும்பத்தையும் வழக்குச் செலவையும் சேர்த்துச் சுமந்தவர் மதுரம். ‘கலைவாணர்’ என்ற பட்டம் அந்த விடுதலைக்குப் பிறகு நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் கையால் வந்தது.

கேள்வி: சென்னையில் குடியேறி நாற்பது ஆண்டுகள் ஆன பூதப்பாண்டிக்காரன் நான். அடுத்த மாதம் பேரப்பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறேன். கலைவாணர் பிறந்து வளர்ந்த இடத்தை அவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது? (சென்னை வாசகர்)

பதில்: வடசேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஒழுகினசேரிக்கு நடந்தே போய்விடலாம், வெயிலுக்கு முன் போங்கள். அவர் சம்பாதித்த காலத்தில் மதுரத்தின் பெயரால் கட்டிய ‘மதுர பவனம்’ அங்கேதான். பிறந்த வீட்டின் ஏழ்மைக்கும் இந்த வீட்டின் முகப்புக்கும் இடையிலான தூரத்தைப் பிள்ளைகளுக்கு அங்கே நின்றே சொல்லிவிடலாம். அப்படியே பழையாற்றையும் சோழராஜா கோயிலையும் காட்டுங்கள். சிறுவன் கிருஷ்ணன் பார்த்த ஒழுகினசேரியில் மாறாமல் மிஞ்சியிருப்பவை அவைதாம்.

ஊருக்குள் வந்தால் மணிமேடைச் சந்திப்பில் அவருடைய சிலை நிற்கிறது. சென்னையில் உள்ள சிலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1969 ஜனவரி 14ஆம் நாள் அதைத் திறந்து வைத்ததுதான் அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி. நாகர்கோவில் மாநகராட்சிப் பூங்காவில் ஒரு காந்தி நினைவுத் தூண் இருக்கிறது. அதைப் பலர் அரசு வைத்தது என்று நினைத்துக்கொண்டு கடந்து போகிறார்கள். கலைவாணர் தம் சொந்தப் பணத்தில் எழுப்பியது அது.

பங்குனி, சித்திரையில் வருகிறீர்கள் என்றால், எந்த ஊரில் கொடை என்று உறவுக்காரர்களிடம் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். பேரப்பிள்ளைகள் நடுச்சாமத்தில் உறங்கிவிடுவார்கள். எழுப்ப வேண்டாம்.